காரியதரிசியின் வயிற்று மருந்து

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஜோசஃபின் டீச்சர் காரியதரிசியாக வந்த பிறகு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் நீலசந்திராவில் குடிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நிம்மதி போய்விட்டது. மற்ற ஊர்களில் போலீஸுக்குப் பயந்து குடிப்பார்கள். அங்கே டீச்சரம்மாவுக்குப் பயந்து குடித்தார்கள். நாலு மணிக்கு ஜட்கா வண்டி வந்து நிற்கும். டீச்சர் கையில் ஒரு கட்டு அட்டை, ஒரு மைப்பெட்டி. பின்னாலேயே பாத்திரத்தில் டீயும் கூடையில் பன்னும் இறங்கும். "போதை தரும் எந்தப் பானத்தையும் இன்று முதல் தொடமாட்டேன்" என்று அட்டையில் அச்சடித்திருக்கும். அதைப் படித்துக் காட்டி, ஆளின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, அட்டையில் உருட்டி எடுத்த பிறகுதான் பன்னைக் கையில் கொடுப்பாள்.

அய்யாவு என்ற கொத்தனார் இப்படி நாலு முறை உறுதிமொழி கொடுத்திருந்தான். முந்தைய மூன்றும் என்ன ஆயின என்று கேட்டால், அது போன வருஷத்துக் கட்டைவிரல் என்பான். ஜோசஃபின் சிரிக்கமாட்டாள். காரியதரிசி சிரித்துவிட்டால் சங்கம் என்னத்துக்கு ஆகும்? அவனை நிற்கவைத்து அரை மணி நேரம் புத்தி சொல்வாள். அவன் பெண்சாதி எல்லம்மா வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜட்கா திரும்பியதும் ஜோசஃபின் கைப்பையைத் திறப்பாள். உள்ளே பைபிள், கைக்குட்டை, சின்னதாக ஒரு பழுப்புப் பாட்டில். மூடியில் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். வயிற்று மருந்து. கம்பவுண்டர் கிருஷ்ணப்பா கலக்கித் தருவது. பெப்பர்மிண்ட் வாசனையோடு தொண்டையில் சுரீரென்று இறங்கும். பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் ஓர் இளஞ்சூடு பரவி, இந்த உலகத்தில் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும். நல்ல மருந்தென்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஊருக்கு உபதேசம் செய்கிறாளே என்று அவளை யாரும் பழிக்க முடியாது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

வயிற்று வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஒரு மழைக்காலத்தில் என்பாள். எந்த மழைக்காலம் என்று சொல்லமாட்டாள். சொல்லவும் தேவையில்லை, சபைக்கே தெரியும்.

1953 செப்டம்பர். சபைப் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக விடாத மழை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேல் சாரல் அடித்தது. எல்லாரும் நனைகிறார்களே என்று, எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சுவர் ஓரமாக உட்காரவைத்தாள். இரண்டரை மணிக்குப் பின்சுவர் இடிந்து விழுந்தது. மௌரீன், சிரில் என்று இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் எட்டு வயது, அங்கேயே போய்விட்டார்கள். விசாரித்தார்கள். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர், ஈரம் குடித்து இளகிவிட்டது என்று எழுதி மூடினார்கள். மௌரீனின் தாயார்கூட ஜோசஃபினைக் கட்டிக்கொண்டு அழுதாளே தவிர ஒரு சொல் திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பாள். ஒருவரும் திட்டாததால், திட்டும் வேலையையும் அவளே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்தைப் புதிதாகக் கட்டித் தகரக் கூரை போட்டார்கள். தகரத்தில் முதல் துளி விழும்போதே அவள் வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவதுபோல் பிழிவார்கள். கிருஷ்ணப்பா முதலில் பத்துத் துளி என்றார். பத்து இருபதாயிற்று, இருபது மூடியாயிற்று. அப்புறம் மழைக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. வெயில் காய்ந்தாலும் வேண்டியிருந்தது. மலம் நாலு நாளைக்கு ஒரு முறை. அந்த வலிக்கும் அதே மருந்து.

1956 ஜூன் மாதம் ஒரு நாள் காலையிலேயே பாட்டில் காலியாகிவிட்டது. மத்தியானம் மழை தகரத்தில் கொட்டியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, குடையில்லாமல், காலில் செருப்பில்லாமல். ஹெட்மாஸ்டர் தேடிக்கொண்டு போனபோது கிருஷ்ணப்பா கடைப் பலகையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். தசரா விடுமுறை முடியும்வரை லீவு கொடுத்தார். உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், இடம் உங்களுக்குத்தான். ஆனால் மறுபடியும் ஒரு மழைக்கு வகுப்பை விட்டுப் போனால் கமிட்டிக்கு எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்றார். அவளுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. பதினாலு வருஷமாக அந்த வகுப்பறைதான் அவள் குடும்பம். அது போய்விட்டால் மிச்சம் அட்டைக்கட்டும் மைப்பெட்டியும்தான்.

அவள் புருஷன் நோயல் தந்தி ஆபீஸில் குமாஸ்தா. அவனோடு வேலை செய்யும் வெங்கடசுப்ரமணியனின் தீராத வயிற்றுப்புண், அல்சூர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த இயற்கை வைத்தியசாலையில் குணமாகியிருந்தது. அங்கே போகலாம் என்றான். வயிற்றில் மண்ணைப் பூசிக்கொள்ள நான் என்ன எருமையா என்று ஜோசஃபின் கேட்டாள். நோயல் அதிகம் பேசுகிறவன் இல்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜட்காவோடு வாசலில் நின்றான்.

வைத்தியசாலை என்றால் பழைய பங்களா ஒன்று, பின்னால் தகரம் போட்ட குளியல் கொட்டகை, ஒரு கிணறு. டாக்டர் ஸ்ரீகண்டன் மைசூர்க்காரர். ஒல்லி, கதர், மூக்குக்கு மேல் கோபம். தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள் வெளி மருந்து எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். ஜோசஃபின் பாட்டிலை எடுத்துத் தானாகவே மேஜையில் வைத்தாள். சட்டத்தை மீறிப் பழக்கமில்லை. ஒரு வயிற்று மருந்து இல்லாமல் நாலு நாள் இருக்க முடியாதா என்ன? டாக்டர் அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, குளியல் கொட்டகைக்குப் போகச் சொன்னார்.

கொட்டகையில் இடுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எல்லம்மா. அய்யாவுவின் எல்லம்மா.

எவளுடைய புருஷனைக் கட்டைவிரல் ஒற்றவைத்தாளோ அவள் முன்னாலேயே பாவாடையோடு படுத்து வயிற்றைக் காட்ட வேண்டிய கதி! ஜோசஃபின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லம்மா ஏரி மண்ணைச் சலித்து ஊறவைத்து, துணியில் பரப்பி, பதமாக வயிற்றில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கொட்டாவி தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக, தாடை கழன்றுவிடும்போல. அப்புறம் மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது. தோலெல்லாம் புல்லரித்து நின்றது. மத்தியானத்துக்குள் கால்கள் இரண்டும் தாமாக உதற ஆரம்பித்தன. நாலு நாளைக்கு ஒரு முறை போன வயிறு, அரை மணிக்கு ஒரு முறை கொல்லைக்கு ஓடவைத்தது. இதுதான் உங்கள் இயற்கை வைத்தியமா, ஆளைக் கொல்கிறீர்களே என்று முனகினாள்.

எல்லம்மா கால்மாட்டில் வந்து குந்தினாள். உதறும் காலைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "டீச்சரம்மா, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. எம்மா நாளா அபினி சாப்புடுறீங்க?"

ஜோசஃபினுக்கு வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்தே விட்டாள். யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய், நான் யார் தெரியுமா, சங்கத்தின் காரியதரிசி என்று கத்த நினைத்தாள். நடுவில் ஒரு கொட்டாவி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

"எங்க மாமியா இருமலுக்குன்னு ஆரம்பிச்சுது. கடலை அளவு உருண்டை. கடை மூடிட்டான்னா இதே கொட்டாவி, இதே மூக்கு, இதே காலு. பன்னெண்டு வருசம் பாத்தவ நானு. எனக்குத் தெரியாதா?"

டாக்டர் வந்து அலமாரியைத் திறந்தார். பாட்டிலை முகர்ந்தார், ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், உடனே முகம் சிவந்தது. அபின் சத்து. வயிற்றுப்போக்குக்கு இரண்டு நாள் கொடுக்கிற மருந்தை மூன்று வருஷம் அளந்து ஊற்றியிருக்கிறானே அந்தக் கம்பவுண்டர் என்று கன்னடத்தில் திட்டிவிட்டு, வந்த முதல் நாளே பாட்டிலைத் திறந்து பார்க்காத தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். ஜோசஃபினை மட்டும் திட்டவில்லை.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அட்டைகள். முந்நூற்றுச் சொச்சம் கட்டைவிரல்கள். ஒவ்வொன்றையும் பிடித்து அழுத்திய கை அவளுடையது. அந்தக் கையாலேயே ஜட்காவில் மூடியைத் திறந்து ஊற்றியிருக்கிறாள், அதுவும் பைபிளுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து. வெட்கத்தில் அப்படியே செத்துப்போகலாம்போல் இருந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அளுவாதீங்க" என்றாள் எல்லம்மா. "எங்க வூட்டுக்காரருக்கு நாலு தபா ஆச்சு. உங்களுக்கு இதானே மொத தபா."

ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கணக்குப் போட்டார். இன்றைக்கு நாற்பது துளி, நாளைக்கு முப்பத்தொன்பது, தினம் ஒன்று குறைய வேண்டும். துளி எண்ணும் பொறுப்பை எல்லம்மாவிடம் கொடுத்தார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு துளி அதிகமாக விழுந்துவிட்டால் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், பன் கொடுக்காத குறைதான். எல்லம்மா மசியவில்லை.

மற்ற நேரத்துக்கெல்லாம் வேலை வைத்திருந்தார்கள். விடிந்ததும் ஏரிக்கரையில் நடை. முதல் வாரம் மதகு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டாள், மூன்றாம் வாரம் ஏரியைச் சுற்றி வந்தாள். நடந்து வந்தால் ராகிக் கூழும் மோரும். இடுப்புத் தொட்டியில் கால் மணி நேரம் குளிர்ந்த தண்ணீர், வயிற்றில் மண், இளவெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருதல். மூச்சை நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடச் சொன்னார் டாக்டர். வயிற்றுக்கு ஒரு மருந்து, மனசுக்கு ஒரு மருந்து, தூக்கத்துக்கு ஒரு மருந்து என்று பிய்த்துப் பிய்த்து வைத்தியம் பார்க்கிறவனை அவருக்குக் கண்டாலே ஆகாது. படுத்திருப்பது ஒரு ஆள்தானே என்று கத்துவார். ஒருநாள் எட்டு எண்ணச் சொன்னதற்கு ஜோசஃபின் இருபது எண்ணும்வரை மூச்சை விட்டாள். டாக்டர் ஆச்சரியப்பட்டு விசாரித்தபோது, சபைப் பாடகர் குழுவில் பத்து வருஷம் பாடினேன் என்றாள். இப்போது ஏன் பாடுவதில்லை என்று கேட்டார். அவள் மறுபடி நாலு எண்ணி மூச்சை இழுக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு துளிக்கு வந்த அன்று மழை பிடித்தது. எல்லம்மா பாட்டிலும் கிண்ணமுமாகக் கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தாள். தகரத்தில் சடசடவென்று விழுந்ததுதான் தாமதம், தொட்டியிலிருந்து ஜோசஃபின் எழுந்து பாய்ந்தாள். எல்லம்மா பிடித்தாள், இவள் இழுத்தாள்; மண் கிண்ணம் உருண்டது, இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே பாட்டிலில் பாதியை மடமடவென்று குடித்துவிட்டாள்.

மறுநாள் தலை குனிந்து மூட்டை கட்டினாள். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருபத்தாறிலிருந்து மறுபடி தொடங்குவோம் என்று மட்டும் சொன்னார். மூட்டையை அவிழ்க்கச் சொல்லி அதட்டினார்.

அன்றைக்கு வயிற்றில் மண் வைத்துவிட்டு எல்லம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மண் காய அரை மணி நேரம் ஆகும். அதுவரை அசையக் கூடாது. மழையில என்னா கீது என்று எல்லம்மா கேட்டாள். ஓட முடியாத நிலையில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, ஜோசஃபின் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். நோயலிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். சுவர் விழுந்ததை அல்ல, அது எல்லாருக்கும் தெரியும். நனைந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் ஓரத்திலேயே இருக்கிறேன் டீச்சர் என்று மௌரீன் கேட்டதையும், பேசாமல் சொன்னதைச் செய் என்று தான் அதட்டிக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்ததையும் சொன்னாள்.

எல்லம்மா ஆறுதல் சொல்லவில்லை. பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. கொத்தனார் பெண்சாதி, சுவரைப் பற்றித்தான் கேட்டாள். "அப்ப உங்க நாற்காலி எங்க கெடந்துச்சு?"

"அதே சுவர் ஓரம்தான். நான்தான் இழுத்துப் போட்டுக்கிட்டேன். எனக்கும் சாரல் அடிச்சுதே."

"நீங்களும் அங்கதான் குந்தினு இருந்தீங்களா?"

"ஆமா. கணக்கு எழுதிப் போடலாம்னு எழுந்து பலகைகிட்ட வந்தேன். அப்பதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இந்த மூன்று வருஷத்தில் ஆயிரம் முறை அந்த மத்தியானத்துக்குள் போய் வந்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தன் நாற்காலியை அவள் பார்த்ததில்லை. பிள்ளைகளைக் கொல்லக் கொண்டுபோனவளைத்தான் பார்த்தாள். அவர்களோடு தானும் அங்கே போய் உட்கார்ந்த ஒரு டீச்சரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"விழுற செவுருன்னு தெரிஞ்சா யாரு போயி அது கீழ குந்துவாங்க?" என்றாள் எல்லம்மா. "பத்து வருசமா சித்தாளு வேலை செஞ்சவ சொல்றேன். செவுரு சொல்லிட்டு விழாதும்மா."

மண் காய்வதற்கு முன்னால் அசையக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு மீறப்பட்டது. வயிறு குலுங்கக் குலுங்க ஜோசஃபின் அழுதாள். எல்லம்மா உதிர்ந்த மண்ணை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழை ஒரு வாரம் கழித்து வந்தது. வயிறு பிழிந்தது. மூன்று வருஷப் பழக்கம், சொன்னவுடன் போய்விடுமா? ஆனால் அவள் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லம்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, நாலு எண்ணி இழுத்து இருபது எண்ணி விட்டாள். வெளியே விட்ட மூச்சில் எப்படியோ ஒரு ராகம் சேர்ந்துகொண்டது. முதலில் முனகல், அப்புறம் பாட்டு. எல்லம்மாவுக்கு அந்தப் பாட்டு தெரியாது. இருந்தாலும் தாளம் போட்டாள். மழை விட்டபோது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிண்ணத்தில் ஒரு துளிகூட விழவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு சங்கத்தின் ஆண்டு ஆராதனை. அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருஷம் முழுக்க உறுதிமொழியைக் காத்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசிப்பார். ஒவ்வொருவராக எழுந்து நிற்க, சபை கைதட்டும். நீலசந்திராவிலிருந்தும் ஆட்களை அழைத்துப் பின்பெஞ்சுகளில் உட்காரவைப்பார்கள். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் காரியதரிசியுடையது.

பெயரை வாசித்தார். ஜோசஃபின் எழுந்திருக்கவில்லை. காதில் விழவில்லை போலும் என்று பாதிரியார் இன்னொரு முறை, சத்தமாக வாசித்தார். நோயல் அவள் கைமேல் கையை வைத்தான்.

"நான் எந்திரிக்க முடியாதுங்க ஐயா" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. கோயில் முழுக்கக் கேட்டது. பாடிப் பழகிய குரல். "எனக்கு ஒரு வருஷம் ஆகல. நாப்பத்தோரு நாள்தான் ஆச்சு. வயித்து மருந்துன்னு நெனச்சு மூணு வருஷம் அபின் சாப்பிட்டிருக்கேன். அடுத்த வருஷம் எந்திரிக்கிறேன்."

பின்பெஞ்சில் அய்யாவு, அப்ப நானே தேவல போலக்கீதே என்று முணுமுணுத்தான். எல்லம்மா அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் அவன் அன்றைக்குப் பன்னைக்கூட நின்றுகொண்டே தின்றான்.

உண்மையைச் சொன்னால் உலகம் மாலை போட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாளே கமிட்டி கூடியது. அபின் சாப்பிட்டவளிடம் பிள்ளைகளை விடுவதா என்று கமிட்டிப் பெரியவர் டொமினிக் மேஜையைத் தட்டினார். இதே சங்கத்தில் பதினைந்து வருஷம் இருக்கிறவர், அவருக்கு அது சொந்த அவமானம். ஹெட்மாஸ்டர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. நான் கொடுத்த வாக்கு ஒரு மழை வரைக்கும், அந்த மழை வரட்டும் என்றார். அப்படியானால் அந்த மழையை நானும் பார்க்கிறேன் என்றார் டொமினிக். தசரா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜோசஃபின் மழைக்காக ஜெபித்தாள். வரவேண்டியது வந்து தொலையட்டும் என்று, முழங்காலிட்டு, மனதாரக் கேட்டாள். பெங்களூர் வானம் கேட்ட நேரத்தில் கொடுத்த வரலாறு கிடையாது. ஐந்து நாள் பளீரென்று வெயில் அடித்தது.

ஆறாம் நாள் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தகரத்தில் கல் எறிந்ததுபோல் விழுந்தன. நாற்பத்திரண்டு தலைகள் ஒன்றாக அவளைத் திரும்பிப் பார்த்தன. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஜூனில் டீச்சர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள். சிலர் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பெட்டி என்ற சின்னப்பெண் அழத் தொடங்கிவிட்டாள்.

வயிறு பிழிந்தது. நாலு எண்ணி இழுத்தாள். இருபது எண்ணி விட்டாள். மறுபடி இழுத்தாள். பிழிந்துகொண்டேதான் இருந்தது. சரி, நீ பாட்டுக்குப் பிழி, எனக்கு வேலை இருக்கிறது என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள்.

காற்று திரும்பி ஜன்னல் வழியாகச் சாரலை வாரி அடித்தது. ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகளின் நோட்டுகள் நனைந்தன. அவர்களை எழுப்பி நகர்த்தியாக வேண்டும், நகர்த்துவதற்கு இருப்பது பின்சுவர் ஓரம் மட்டும்தான். ஜோசஃபின் அந்தச் சுவரைப் பார்த்தாள். நடந்து போனாள். செங்கல்லும் சிமெண்டும், உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். எங்கும் ஈரம் இல்லை. அது போதாதென்று அவளுக்குத் தெரியும். சுவர் சொல்லிவிட்டு விழாது. அதற்கு மேல் ஒரு மனுஷியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதும் இப்போது தெரியும்.

ஜன்னல் ஓரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து வாருங்கள் என்றாள். ஒருவரும் அசையவில்லை. அவளே முதலில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டி எழுந்து வந்து அவள் மடியோரம் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராக வகுப்பு முழுக்க வந்துவிட்டது.

மழை இரைச்சலில் பாடம் நடத்த வழியில்லை. ஏழாம் வாய்ப்பாடு என்று கத்தினாள். ஓரேழு ஏழு. மழையைவிடச் சத்தமாகச் சொல்லுங்கள். ஈரேழு பதினாலு. இன்னும் சத்தமாக. மூவேழு வருவதற்குள் பயம் விளையாட்டாகிவிட்டது. பிள்ளைகள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே டீச்சரின் குரல் ஓங்கி நின்றது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று வருஷமாக மூட்டைக்குள் கட்டிவைத்திருந்த உடம்பு அவளுக்கே திரும்பக் கிடைத்த சந்தோஷம் அது. மௌரீனை நினைத்துக்கொண்டாள், சிரிலை நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே நாலேழு இருபத்தெட்டு என்றாள்.

ஆபீஸ் அறையிலிருந்து ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டரும் டொமினிக்கும் ஓடிவந்தார்கள். வகுப்பில் அலறல் கேட்கிறது, டீச்சர் ஓடிவிட்டாள் என்றுதான் டொமினிக் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கதவைத் தடாலென்று தள்ளித் திறந்தார். திறந்த கதவு வழியே காற்றும் மழையும் அவருக்கு முன்னால் உள்ளே நுழைந்தன.

பின்சுவர் ஓரம் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நடுவில் தரையில் ஜோசஃபின், மடியில் ஒன்று, தோளில் இரண்டு. அவள் எழுந்திருக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது அனுமதி கேட்காமல் உள்ளே வந்த எவரையும் ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர் பார்க்கிற பார்வையைத்தான் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க சார். பிள்ளைங்க மேல சாரல் அடிக்குது."

டொமினிக் கதவை இழுத்து, காற்றோடு மல்லுக்கட்டி, வெளியிலிருந்து சாத்தினார். சாத்தின பிறகும் ஹெட்மாஸ்டரோடு அங்கேயே தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே ஐயேழு முப்பத்தைந்து என்று தொடங்கியது.